டப்ளின் ஆற்றங்கரையில் கண்ட பட்டினி மனிதர்கள்

(பிள்ளை மடுவப் பெற்றோர் குழுவும் தோட்ட மாதர் சங்கமும் கூட்டிய கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூட்டத்தில் நாங்கள் என்ன பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். திரிபோஷ மாவைப் பெரியவர்கள் சாப்பிட வேண்டாம் என்போம், தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்போம், பிள்ளையின் நிறை அட்டையைத் தொலைக்காதீர்கள் என்போம். நீங்களும் தலையாட்டுவீர்கள். இன்றைக்கு அதையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தூரதேசத்தில் நாங்கள் பார்த்த ஒரு சிலையைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம். சிலை என்று ஒருமையில் சொல்வதும் சரியில்லை. அது ஒரு கூட்டம்.

2019ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் எங்களில் மூன்று பேருக்கு அயர்லாந்து போய்வரும் வாய்ப்புக் கிடைத்தது. அங்கே சாதாரண சனங்கள் சிறுகச் சிறுகச் சேமித்துத் தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்கும் சங்கங்களைப் பார்த்து வரும் பயணம். அந்தக் கதை வேறு. கடைசி நாள் மத்தியானம் ஓய்வு கொடுத்தார்கள். கூட வந்த ஒருவர் பிள்ளைகளுக்குக் குளிர்ச்சட்டை வாங்கக் கடைக்குப் போனார். மற்ற இருவரும் சும்மா ஆற்றோரமாக நடந்தோம்.

டப்ளின் நகரத்தின் நடுவே லிஃபி என்றொரு ஆறு ஓடுகிறது. அதன் வடகரையில் பழைய சுங்க மாளிகை இருக்கிறது. 1791இல் கட்டி முடித்த பெரிய வெள்ளைக் கட்டடம். அதைத் தாண்டிக் கடல் பக்கமாக நடந்தால் பழைய கப்பல்துறை. இப்போது அந்தப் பக்கமெல்லாம் கண்ணாடி வைத்த வங்கிக் கட்டடங்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நம்ம நுவரெலியாத் தூறல் மாதிரிதான், காற்று மட்டும் கடுமை. எதிரே ஏழெட்டுப் பேர் வருவதுபோலத் தெரிந்தது. வழிவிட வேண்டும் என்று நாங்கள் ஒதுங்கினோம். உண்மையாகவே ஒதுங்கினோம். கிட்டப் போன பிறகுதான் அவர்கள் வெண்கலத்தால் ஆனவர்கள் என்று தெரிந்தது.

நாம் பார்த்த சிலைகள் எல்லாம் பீடத்தின்மேல் நிற்கும். கொழும்பில் பாருங்கள், துரைமார் சிலை எல்லாம் உயரத்தில் இருக்கும், நாம் அண்ணாந்து பார்க்க வேண்டும். இவர்களுக்குப் பீடம் கிடையாது. நாம் நடக்கும் அதே கல் பாவிய தரையில்தான் நிற்கிறார்கள். நம்ம உயரம். நாம் அவர்களுக்கு இடையில் புகுந்து நடக்கலாம், முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பார்க்கலாம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், உடுப்பு கிழிந்து கந்தலாகத் தொங்குகிறது. கையில் ஒரு சின்ன மூட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த மூட்டையைப் பிடித்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே தெரியும், வீடு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. எல்லோரும் கப்பல் இருக்கும் பக்கமாக நடக்கிறார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. பசித்தவன் கூட்டத்தில் நடந்தாலும் தனியாகத்தான் நடப்பான் என்பது அந்தச் சிலையைச் செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

பின்னால் ஒரு நாய் வருகிறது. அதுவும் எலும்பும் தோலும்.

ஒரு மனிதர் தன் தோளின்மேல், கழுத்தைச் சுற்றி ஒரு பிள்ளையைப் போட்டுக்கொண்டு வருகிறார். ஆட்டுக்குட்டியைத் தூக்குவார்களே, அந்த மாதிரி. பிள்ளையின் கையும் காலும் தொங்குகின்றன. பிள்ளை தூங்குகிறதா, மயக்கமா, அல்லது முடிந்தே விட்டதா என்று சொல்ல முடியாது. நாங்கள் அந்த மனிதருக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றோம். ஏன் நின்றோம் என்று அப்போது எங்களுக்கே தெரியாது. அதைப் பிறகு சொல்கிறோம்.

இதைச் செய்தவர் ரோவன் கிலெஸ்பி என்ற அயர்லாந்துச் சிற்பி. 1997இல் இங்கே வைத்தார்கள். பஞ்சம் வந்து 150 வருஷம் ஆனதை அந்த நாடு நினைவுகூர்ந்த காலம் அது.

எந்தப் பஞ்சம் என்று கேட்பீர்கள். 1845 முதல் 1852 வரை அயர்லாந்தில் நடந்த பஞ்சம். அங்கே ஏழைச் சனங்களுக்குச் சோறு என்றால் உருளைக்கிழங்குதான். நமக்கு ரொட்டி மாதிரி. நிலமெல்லாம் பெரிய நிலச்சொந்தக்காரர்களிடம் இருந்தது. அதில் பலர் இங்கிலாந்தில் வாழ்ந்தார்கள். ஏழைக்கு ஒரு துண்டு நிலம் குத்தகைக்குக் கிடைக்கும். கொஞ்ச நிலத்தில் ஒரு குடும்பம் வயிறு நிறையச் சாப்பிட வேண்டுமானால் கிழங்கைத் தவிர வேறொன்றும் அந்த மண்ணில் அவ்வளவு விளையாது. வேலை செய்யும் ஆண் ஒருவர் நாளுக்குப் 10 றாத்தலுக்கு மேல் கிழங்கு தின்பார், கூட மோர் குடிப்பார். தானியமும் மாடும் வெண்ணெயும் அதே நாட்டில் விளைந்தன. ஆனால் அவை வாடகை கட்டுவதற்கும் ஏற்றுமதிக்கும். கொழுந்து பறிக்கும் நமக்குத் தூள் தேயிலை கிடைப்பதில்லையா, அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1845இல் கிழங்குச் செடிக்கு நோய் வந்தது. இலையில் கருப்புப் புள்ளி விழுந்து, செடி கருகி, மண்ணுக்குள் இருந்த கிழங்கு அழுகி நாறியது. உங்களில் லயத்துக்குப் பின்னால் கிழங்கு போடுகிறவர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். மழையும் மூடுபனியும் சேர்ந்து நாலு நாள் நின்றால் தோட்டமே கருகிப்போகும். அதே நோய்தான். இன்றைக்கு நமக்கு மருந்து இருக்கிறது. தேயிலையில் கொப்புள நோய் 1946இல் இலங்கைக்கு வந்தபோது செம்பு மருந்து அடித்துத் தேயிலையைக் காப்பாற்றினார்கள். 1845இல் அயர்லாந்துக்காரனுக்கு அது என்ன நோய் என்றே தெரியாது. கடவுள் தண்டித்துவிட்டார் என்று நினைத்தார்கள். 1846இல் ஏறக்குறைய முழு விளைச்சலும் போயிற்று.

சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். பட்டினியால் நேரே செத்தவர்களைவிடப் பட்டினியோடு வந்த காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் செத்தவர்கள் அதிகம். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டோர் கப்பலேறிப் போனார்கள். 1841இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த சனம் 1851இல் 65 லட்சம் ஆயிற்று. இன்றைய தினம்வரைக்கும் அந்தத் தீவின் சனத்தொகை 1841ஆம் ஆண்டுக் கணக்கை எட்டவில்லை.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். நோய் கிழங்குக்கு வந்தது. மனிதன் ஏன் சாக வேண்டும்? அந்த நாடு அப்போது பிரித்தானிய அரசின் கீழே இருந்தது. உலகத்திலேயே பணக்கார அரசு. முதல் வருஷம் அமெரிக்காவிலிருந்து சோளம் வாங்கிக் கொடுத்தார்கள். பிறகு வந்த அரசாங்கம், சும்மா கொடுத்தால் சனங்கள் சோம்பேறியாகிவிடுவார்கள் என்று சொல்லி, வேலை செய்தால்தான் கூலி என்றது. பட்டினி கிடக்கிறவனைக் குளிர்காலத்தில் கல் உடைக்கவும் ரோட்டு வெட்டவும் விட்டார்கள். 1847 மார்ச் மாதத்தில் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வேலை செய்தார்களாம். எங்கேயும் போய்ச் சேராத ரோட்டுகள் எல்லாம் வெட்டினார்கள். கூலி சோள மாவின் விலைக்குப் போதவில்லை. அது சரிவராது என்று கண்ட பிறகு கஞ்சித்தொட்டி திறந்தார்கள். 1847 யூலையில் ஒரு நாளைக்கு 30 லட்சம் பேர் வரை அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். இங்கேதான் எங்களுக்கு மனம் ஆறவில்லை. 30 லட்சம் பேருக்குக் கஞ்சி ஊற்ற முடியும் என்று செய்து காட்டிவிட்டார்கள். முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அப்படியிருந்தும் சில மாதங்களில் அதை மூடிவிட்டார்கள்.

அதே 1847இல் ஒரு சட்டம் வந்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கால் ஏக்கர் என்றால் எவ்வளவு? 40 பேர்ச். கஞ்சி வேண்டுமா, நிலத்தை விட்டுக்கொடு. நிலத்தை விட்டால் அடுத்த வருஷம் எதில் கிழங்கு போடுவது? பிள்ளை பசியால் அழுகிறபோது அடுத்த வருஷத்தைப் பற்றி யார் யோசிப்பார்கள்? கையெழுத்துப் போட்டார்கள். வீட்டுக் கூரையை இடித்துத் தள்ளினார்கள். சனம் தெருவுக்கு வந்தது, தெருவிலிருந்து துறைமுகத்துக்கு வந்தது. அந்த வெண்கல மனிதர்கள் கையில் சின்ன மூட்டை மட்டும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தச் சட்டப்பிரிவைக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? டப்ளின் நகரத்தின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் கிரகரி. கோல்வே பக்கத்து நிலச்சொந்தக்காரர். பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஏதாவது ஞாபகம் வருகிறதா? ஆமாம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்குப் போய் நாம் குதிரை பார்ப்போமே, படகு பார்ப்போமே, பிள்ளைகளுக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுப்போமே, அந்தக் கிரகரி ஏரி. அவர் பெயர்தான். 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்தவர் அவர்தான். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவர்தான். வாசலில் அவருடைய சிலை நிற்கிறது, பீடத்தின்மேல். அவர் இங்கே நல்ல வேலைகள் பலவும் செய்தவர் என்பதை மறைக்கக்கூடாது. ஆனால் 40 பேர்ச் சட்டத்தையும் மறைக்கக்கூடாது. 7 பேர்ச் காணிக்கு உறுதி வேண்டும் என்று எத்தனை தரம் மனு எழுதியிருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். மனு எழுதி எழுதிக் கை வலித்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள்.

இன்னொருவரும் இருக்கிறார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் திறைசேரியில் உட்கார்ந்து நிவாரணக் காசுக்குக் கணக்குப் பார்த்தவர் சார்ள்ஸ் திரெவெலியன். அவர் 1859இல் மதராஸ் மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார். ஒரு வருஷந்தான் இருந்தார். ஆனால் பாருங்கள், ஒரே வகை யோசனை உள்ள மனிதர்கள்தான் அங்கேயும் இங்கேயும் மாறி மாறி வந்து உட்கார்ந்தார்கள்.

அதனால்தான் 1876இல் தென்னிந்தியாவில் மழை பொய்த்தபோது அயர்லாந்துக் கதை மறுபடி நடந்தது. தாது வருஷப் பஞ்சம். உங்கள் வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சேலம், கோயம்புத்தூர், ஆற்காடு, மதுரை என்று ஊர் ஊராகச் சனம் விழுந்தது. இந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்பது அரசாங்கமே ஒப்புக்கொண்ட மதிப்பு. ஊரில் தானியம் இல்லாமல் இல்லை. விலை ஏறி, ரயிலேறி, கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்த ஆணுக்கு நாளுக்கு ஒரு றாத்தல் தானியமும் ஓர் அணாக் காசும் போதும் என்று 1877இல் ஒரு பெரிய அதிகாரி அளவு வைத்தார். றிச்சட் டெம்பிள் என்று பெயர். மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையாளராக இருந்த கோர்னிஷ் என்ற வைத்தியர், இந்த அளவில் மண் வெட்டினால் மனுஷன் செத்துப்போவான் என்று எதிர்த்து எழுதினார். ஒரு றாத்தல் எவ்வளவு என்று கொழுந்து நிறுக்கிற உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பஞ்சத்தில் உயிர் பிழைத்தவர்களில் பல்லாயிரம் பேர் தொண்டிப் பக்கமும் இராமநாதபுரக் கரையிலிருந்தும் தோணியேறினார்கள். மன்னாரில் இறங்கினார்கள். அங்கிருந்து காட்டு வழியே, தம்புள்ளை தாண்டி, மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். கங்காணியிடம் வாங்கிய கடனைத் தலையில் சுமந்துகொண்டு நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்களை எடுத்துப் புதைக்கவும் நாதியில்லை. நாம் எல்லோரும் தாது வருஷத்தில் வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. 1820களிலிருந்தே கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் உண்டு, பிறகு தேயிலைக்கு வந்தவர்களும் உண்டு. ஆனாலும் இந்தக் கூட்டத்தில் இருக்கிற நாலு வீட்டில் ஒரு வீடாவது அந்த வழியில் வந்திருக்கும் என்று நாங்கள் நினைக்கிறோம். வந்த இடத்தில் கோப்பிக்கும் நோய் பிடித்திருந்தது. 1869இல் தொடங்கிய அந்த இலைத்துரு நோய் இருபது வருஷத்துக்குள் கோப்பியை அழித்துவிட்டது. கிழங்கு அழுகியதால் அயர்லாந்துக்காரன் கப்பலேறினான். கோப்பி அழிந்ததால் நாம் தேயிலைக்கு மாறினோம். இலையில் விழும் ஒரு புள்ளி எத்தனை சனத்தை இடம் மாற்றிவிடுகிறது பாருங்கள்.

மறுபடி அந்த ஆற்றங்கரைக்கு வருவோம். சிலைகளுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாய்மரக் கப்பல் கட்டிக் கிடந்தது. ஜீனி ஜோன்ஸ்டன் என்ற பழைய கப்பலைப் பார்த்து அதே மாதிரி புதிதாகக் கட்டியது. பஞ்ச காலத்தில் சனம் ஏறிய கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல் என்று சொல்வார்கள், அவ்வளவு பேர் நடுக்கடலில் செத்தார்கள். ஆனால் இந்த ஜீனி ஜோன்ஸ்டன் 1848 முதல் 1855 வரை 16 தரம் அமெரிக்கக் கரைக்குப் போயும் ஒரு உயிரைக்கூட இழக்கவில்லை. கப்பலில் ஒரு டொக்டரை வைத்திருந்தார்கள், சனத்தை மேல்தட்டுக்கு வரவிட்டுக் காற்று வாங்க வைத்தார்கள், படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைத்தார்கள். அதே கடல், அதே சனம், அதே பசி. ஒரு டொக்டரும் கொஞ்சம் சுத்தமும் இருந்ததால் உயிர் மிஞ்சியது. சுகாதாரம் சுகாதாரம் என்று நாங்கள் ஏன் மாதாமாதம் வந்து உங்கள் உயிரை வாங்குகிறோம் என்று கேட்கிற தம்பிமார் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அங்கே நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம். வங்கியில் வேலை செய்கிறவர்கள் பாணுக்குள் இறைச்சி வைத்துத் தின்றுகொண்டே அந்தப் பட்டினி மனிதர்களைக் கடந்து போனார்கள். எங்களுக்கு முதலில் கோபம் வந்தது. இவ்வளவு பேர் பசியோடு நிற்கிறார்கள், முன்னால் தின்றுகொண்டு போகிறார்களே என்று. பிறகு யோசித்தோம். தினமும் போகிற வழியில் வைத்திருக்கிறார்களே, அதுவே பெரிது. வெட்கப்பட்டு மறைக்கவில்லை. தங்கள் பாட்டன் பூட்டன் பிச்சைக்காரன்போல் கந்தலோடு நின்றதை நகரத்தின் நடுவே, பணக்காரக் கட்டடங்களுக்கு முன்னால் வைத்துவிட்டார்கள். 1997இல் பிரித்தானியப் பிரதமரின் பெயரில் ஓர் அறிக்கையும் வாசிக்கப்பட்டது. அன்று லண்டனில் ஆட்சி செய்தவர்கள் அந்த மக்களைக் கைவிட்டார்கள் என்று அதில் இருந்தது. அதை எழுதியது பிரதமர் அல்ல, அவரிடம் காட்ட நேரம் கிடைக்காமல் அதிகாரிகளே எழுதினார்கள் என்று 2021இல் வெளியான அரசாங்கக் கடிதங்களில் தெரிந்தது. 150 வருஷம் காத்திருந்து கிடைத்த ஒரு வார்த்தை, அதுவும் இப்படி. போகட்டும்.

எங்கள் பைக்குள் இருந்த கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். அதைப் பெரிதாக யாருக்கும் காட்டவில்லை. ஒரு முறை மேல்கணக்கு லயத்தில் ஒரு பெரியவருக்குக் காட்டினோம். “இதையெல்லாம் ஏன் தம்பி எடுத்துட்டு வந்தீங்க? பட்டினியைப் பத்திப் பேசுறது மானக்கேடு. நம்ம புள்ளைங்க படிச்சு மேல வருதுக. அதுககிட்டப் போயி உங்க தாத்தன் சோத்துக்கு அலைஞ்சான்னு சொல்லணுமா?” என்று கேட்டார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதிலும் ஞாயம் இருக்கிறது.

2022இல் கோதுமை மா விலை ஏறியது உங்களுக்கு மறக்காது. எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய் வரிசை, ரொட்டி அளவு சிறுத்தது. அந்த நாட்களில் எங்கள் அம்மாவின் தலையணைக்கடியில் காய்ந்த ரொட்டித் துண்டுகளைக் கண்டோம். பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். தன் பங்கில் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை ஒளித்து வைத்திருக்கிறார். ஏனம்மா என்று சத்தம் போட்டோம். பேசவில்லை. அன்று இரவு என்ன நினைத்தோமோ, அந்த டப்ளின் படத்தை எடுத்துக் காட்டினோம். இந்த மாதிரி நிலைமை வராதம்மா, பயப்படாதீங்க என்று சொல்வதற்காகத்தான் காட்டினோம்.

அம்மா படத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். தோளில் பிள்ளையைப் போட்டிருக்கும் மனிதர்மேல் விரலை வைத்தார்.

“அப்பாவும் இப்பிடித்தான் தூக்கிட்டுப் போனாரு” என்றார்.

யாரை என்று கேட்டோம்.

“தங்கச்சிய.”

எங்கள் அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்ததே எங்களுக்கு அன்றுவரை தெரியாது. நாற்பது வயது தாண்டிய பிறகு கேள்விப்படுகிறோம். 1974. அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைந்த காலம். தோட்டத்தில் வேலை நாளும் குறைந்துபோனது. தோட்டங்களில் மரணம் கூடியதும், சனம் லயத்தை விட்டு இறங்கி நகரத் தெருக்களில் கையேந்தியதும், வன்னிப் பக்கம் போனதும் அந்தக் காலத்தில்தான். அம்மா வீட்டில் கீரையும் மரவள்ளித் தோலும் அவித்துத் தின்றிருக்கிறார்கள். மூன்று வயதுத் தங்கச்சிக்கு வயிற்றோட்டம். தாத்தா விடியற்காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அம்மா பின்னால் ஓடினார். பாதி வழியில், ஓர் ஆற்றுப் பாலத்துக்கிட்ட, பிள்ளையின் கை ஆடுவது வேறு மாதிரி ஆடியதாம். அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தாத்தாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்தார். அங்கே பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அதே தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள் பிள்ளை தூங்குதா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாராம்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. சோறு போட வக்கில்லாமல் பிள்ளையைச் சாகவிட்டான் என்று ஊர் சொல்லுமே என்று தாத்தாவுக்குப் பயம். அந்த வெட்கம் ஐம்பது வருஷம் ஒரு பிள்ளையை இல்லாமல் ஆக்கிவிட்டது. வெட்கப்பட வேண்டியவர் தாத்தாவா என்று யோசித்துப் பாருங்கள்.

டப்ளின் கரையில் அந்த மனிதருக்குப் பக்கத்தில் ஏன் அவ்வளவு நேரம் நின்றோம் என்று பிறகு சொல்கிறோம் என்றோம். இதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

அம்மா அன்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டார். அந்த நாய் யாருடைய நாய் என்று கேட்டார். தெரியாது என்றோம். கப்பலேறிப் போன சனம் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டார். அதற்குப் பதில் எங்களிடம் இருந்தது. அதே சிற்பி, கனடாவில் டொரொன்டோ நகரத்து ஏரிக்கரையிலும் சிலைகள் வைத்திருக்கிறார். 2007இல் திறந்தார்கள். அங்கே ஐந்து பேர்தான். ஒருவர் கரை கண்ட சந்தோஷத்தில் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்குகிறார், ஒரு பெண் தரையில் விழுந்து கிடக்கிறாள், இன்னொருத்தி வயிற்றுப்பிள்ளைக்காரி. 1847இல் மட்டும் அந்த நகரத்துக்கு 38,000 அயர்லாந்துக்காரர் வந்து இறங்கினார்கள். நகரத்தின் சொந்தச் சனமே 20,000 பேர்தான். வந்தவர்களில் ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் அங்கேயே காய்ச்சலில் செத்தார்கள். அவர்களைக் கவனித்த டொக்டர்மாரும் தாதிமாரும் பாதிரிமாரும்கூடச் செத்தார்கள். அந்தப் பூங்காவில் ஒரு கல்மதில் இருக்கிறது. அதில் இறந்தவர்களுடைய பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். திறந்தபோது 675 பெயர் இருந்தது. 160 வருஷத்துக்குப் பிறகு பழைய ஆஸ்பத்திரிப் பதிவு, புதைகுழிப் பதிவு எல்லாம் புரட்டி ஒவ்வொரு பெயராகத் தேடி எடுத்திருக்கிறார்கள்.

நமக்குப் பதிவு இருக்கிறதா? 2023இல், நம் சனம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருஷம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். நம் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் அந்த நடைப்பயணத்தில் சேர்ந்துகொண்டார்கள். வழியில் விழுந்தவர்களுக்கு விளக்கு ஏற்றினார்கள். பெயர் சொல்லி ஏற்ற முடியவில்லை, பெயர் தெரியாது. தாது வருஷத்தில் விழுந்தவர்களின் பெயரை இனி யாராலும் எடுக்க முடியாது. ஆனால் 1974இல் போனவர்களின் பெயர் தெரிந்தவர்கள் இன்றைக்கு இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுபது வயது, எண்பது வயது. இன்னும் பத்து வருஷம் போனால் அதுவும் முடியாது.

ஆகவே, மாதர் சங்கத் தலைவி அம்மாவோடு பேசி ஒரு காரியம் தொடங்கியிருக்கிறோம். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் போன பிள்ளையோ பெரியவரோ இருந்தால் வந்து சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு ஆயா எழுதித் தருவார். பெயர், வயது, எந்த லயம், எங்கே புதைத்தது, அவ்வளவுதான். காரணம் எழுத வேண்டாம். விருப்பமில்லாதவர்களை யாரும் வற்புறுத்தமாட்டோம். மானக்கேடு என்று சொன்ன அந்தப் பெரியவருக்கும் இதைச் சொல்லிவிட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து வந்து ஆயாவிடம் இரண்டு பெயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நிறை பார்க்கிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அட்டையில் பிள்ளையின் கோடு கீழே இறங்கினால், வீட்டில் அரிசி இல்லை என்றால், அதை எங்களிடம் சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். நாங்கள் யாரிடமும் போய்ச் சொல்லமாட்டோம். செய்ய முடிந்ததைச் செய்வோம்.

கொப்பியில் இதுவரைக்கும் பதினொரு பெயர் சேர்ந்திருக்கிறது. முதல் வரி எங்கள் அம்மா சொன்னது. பிள்ளையின் பெயர் என்னம்மா என்று கேட்டபோது வெகுநேரம் யோசித்தார். பதிவு வைக்கும்போது என்ன பெயர் வைத்தார்கள் என்று அவருக்கு ஞாபகம் வரவில்லை. “வீட்ல கூப்பிட்டது மட்டுந்தான் தெரியும் மகன், அதையே எழுது” என்றார். அதையே எழுதியிருக்கிறோம். சின்னக்குட்டி, வயது மூன்று, பத்தாம் நம்பர் லயம், ஏழாம் நம்பர் மலையில் கானோரம்.